படியடி அலுமாரி முரண்டு பிடித்தால்: நிலவறை மரவேலையின் கோளாறுகளும் தீர்வுகளும்

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்து வீடுகளில் நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டின் அடியில் ஒரு முக்கோண இருட்டு இருக்கும். பழைய சூட்கேஸ், ஓடாத மின்விசிறி, வீடு மாறி வந்த நாள் முதல் பிரிக்காத அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் அடைக்கலம். அந்த இடத்துக்கென்றே அளவெடுத்து அலுமாரி, லாச்சி, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை என்று மரத்தில் செய்து கொடுப்பது பல வருடங்களாக என் தொழில். வேலை முடிந்த அன்று எல்லாம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். கோளாறு தலைகாட்டுவது ஆறு மாதம் கழித்து, பருவம் மாறும்போது.

"மரம் சரியில்லைப் போலிருக்கிறது" என்றுதான் அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் மரம் தன் இயல்புப்படியே நடந்திருக்கும். அது நிற்கும் இடத்தின் காற்றையும் தரையையும் படிக்கட்டின் கோணலையும் யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே சீவுளியைத் தொடும் முன் ஓர் ஈரப்பதமானியை வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். விலை அதிகமில்லை. கீழே சொல்லியிருக்கும் அறிகுறிகளில் பாதிக்கு அந்தச் சின்னப் பெட்டி காட்டும் எண்ணே விடை சொல்லிவிடும்.

கதவு கோடையில் இறுகுகிறது, குளிர்காலத்தில் தானாகச் சரியாகிறது

அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. அதிகம் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான்.

குளிர்காலத்தில் சூடாக்கி ஓயாமல் ஓடும்போது வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கும். அந்தக் காற்றில் நிற்கும் மரம் தன் எடையில் சுமார் 6 சதவீத நீரோடு அமைதி கொள்ளும். யூலை மாதத்தில் அதே நிலவறை 65 சதவீதத்தைத் தொடும். மரத்தின் நீர் சுமார் 12 சதவீதமாக ஏறும். இந்த ஏற்றத்தில் மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் பருக்கும். சாதாரணமாக அறுத்த சிவப்பு ஓக் பலகை ஒன்று 300 மில்லிமீட்டர் அகலமென்றால், பருவத்துக்குப் பருவம் 6 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறையும். கதவைச் சுற்றி நாம் விடும் இடைவெளியோ 2 அல்லது 3 மில்லிமீட்டர்.

இதை அறியாமல் யூலையில் கதவைச் சீவி விட்டால் அன்றைக்கு அருமையாகத் திறக்கும். சனவரியில் அந்த இடைவெளிக்குள் சுண்டுவிரல் நுழையும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதலில் கதவு எங்கே உரசுகிறது என்று பாருங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டை விட்டு மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். பிடி இருக்கும் பக்கம் முழு நீளத்துக்கும் கடதாசி சிக்கினால் மரம் பருத்திருக்கிறது. மேல் மூலையில் மட்டும் சிக்கிக் கீழே தாராளமாக ஓடினால் பருக்கவில்லை, கதவு தொங்கியிருக்கிறது.

பருத்த கதவென்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை 50 சதவீதத்தில் வைத்து மூன்று வாரம் ஓடவிடுங்கள். அலுமாரிக் கதவும் அந்த நாட்களில் சற்றுத் திறந்தே இருக்கட்டும். அதன் பிறகும் உரசினால் உரசும் இடத்தில் மட்டும் ஒரு சீவல், அவ்வளவே. சீவிய விளிம்பில் உடனே வர்ணமோ வார்னிஷோ பூசிவிடுங்கள். பூச்சில்லாத மரம் பூசிய மரத்தை விட வேகமாக ஈரத்தைக் குடிக்கும்.

தொங்கிய கதவு வேறு கதை. படியடிக் கதவுகளின் மேல்விளிம்பு சரிவாக இருக்கும். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் குட்டை. பிணைச்சல் எப்போதும் உயரமான பக்கத்தில் வர வேண்டும். கதவின் பாரம் அந்தப் பக்கமாகவே கூடியிருக்கிறது. பிணைச்சல்களுக்கு நடுவே கிடைக்கும் தூரமும் அங்கேதான் அதிகம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று குட்டைப் பக்கத்தில் பிணைச்சல் போட்ட கதவுகளைக் கழற்றி மாற்றியிருக்கிறேன். திருகாணியை எத்தனை முறை இறுக்கினாலும் அவை மறுபடி தொங்கவே செய்யும்.

புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்கு: அகலப் பலகைகளை ஒட்டிச் செய்த கதவு நிலவறைக்கு வேண்டாம். பிளைவுட்டில் செய்து விளிம்புக்கு மட்டும் மரச்சட்டம் ஒட்டுங்கள். பிளைவுட் பருவத்துக்கு அசைவது மிகக் குறைவு. மரமேதான் வேண்டும் என்றால் சட்டமும் நடுப்பலகையும் தனித்தனியாக இருக்கட்டும். நடுப்பலகையைக் காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், பசையில்லாமல் விட்டு, இருபுறமும் 3 மில்லிமீட்டர் அசைய இடம் கொடுங்கள்.

திறந்தால் மண்வாடை, பின்பலகையில் கறுப்புப் புள்ளிகள்

இதில் அவசரப்படக் கூடாது. மறைக்கவும் கூடாது. வாசனைப் பைகளைத் தொங்கவிட்டு ஒரு வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பின்பலகை முழுவதையும் கழற்றி எறிய வேண்டி வந்தது.

ஈரம் இரண்டு வழியாக வரும். ஒன்று, வெளியே மண்ணிலிருந்து கொங்கிறீற் வழியாக ஊறி வருவது. மற்றது, வீட்டுக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கொங்கிறீற்றில் பட்டுப் பனிப்பது. கோடையில் சில்லென்ற சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே சங்கதி. காற்று 24 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 17 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். மண்ணுக்குள் புதைந்த சுவரும் தரையும் யூன் மாதத்தில் அந்த அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும். அதனால்தான் நல்ல வெயில் காலத்தில், காற்று வரட்டுமென்று நிலவறை யன்னலைத் திறந்து வைக்கும் வீடுகளில் வாடை கூடுகிறது.

எந்த வழி என்று அறிய ஒரு தெளிவான பொலித்தீன் தாளைப் பாதி மீட்டர் சதுரமாக வெட்டி, வெறும் கொங்கிறீற்றில் நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நனைந்திருந்தால், அல்லது அடியில் கொங்கிறீற் கறுத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. வெளிப்புறம் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. சுவரில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் நீர் தெளித்தால் கரைந்து மறைந்தால் அது உப்பு. கொங்கிறீற் வழியே நீர் நடமாடுகிறது என்பதற்குச் சாட்சி. கரையாமல் மெல்லிய பஞ்சுபோல ஒட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சணம்.

மண்ணிலிருந்து வரும் ஈரத்துக்குத் தச்சு வேலையில் மருந்தில்லை. கூரைப் பீலியின் நீர் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா, வீட்டைச் சுற்றி மண் சுவரை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். பல வீடுகளில் பீலிக் குழாயை இரண்டு மீட்டர் தள்ளி விட்டதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. தீராவிட்டால் நீர்க்காப்பு வேலை செய்பவரை அழையுங்கள். சுவர் காயும்வரை அலுமாரி அதை ஒட்டி நிற்கக் கூடாது.

காற்றிலிருந்து வரும் ஈரமென்றால் கொங்கிறீற்றையும் வீட்டுக் காற்றையும் பிரித்துவிட வேண்டும். 2 அங்குலக் கெட்டி நுரைப்பலகையைச் சுவரோடு நேராக ஒட்டி, பொருத்துகளை நாடாவால் அடைத்து, அதன் மேல் ஜிப்சம் பலகை அடித்த பிறகே அலுமாரியை நிறுத்துங்கள். நுரைப்பலகையை வெறுமனே விடாதீர்கள். தீப்பிடித்தால் அது பொல்லாதது. மூடியே ஆக வேண்டும் என்பதுதான் கட்டட விதியும். பின்பலகையில் நான்கு துளையிட்டால் காற்றோடி எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். வெறும் கொங்கிறீற்றுக்கு முன்னால் அதைச் செய்தால் ஈரக்காற்றைக் குளிர்ச் சுவருக்கு நாமே அழைத்துப்போவதாகிவிடும்.

ஏற்கெனவே பிடித்த பூஞ்சணம் ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காயவிடலாம். வெளிறச் செய்யும் குளோரின் திரவம் தேவையில்லை. அதற்கு மேல் பரவியிருந்தால், அல்லது வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், நீங்கள் கைவைக்காதீர்கள்.

அலுமாரியின் அடி ஊதிப் பிளந்திருக்கிறது

மெலமைன் பூசிய தூள்பலகையையோ மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையையோ நேராகத் தரையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை ஊதியது திரும்ப ஒடுங்காது. சாந்து வைத்துப் பூசி மறைப்பதும் பயன் தராது. ஊதிய பகுதிக்கு மேலே நேராக அறுத்து, அந்த உயரத்துக்குப் பிளாஸ்டிக் கால்களை மாட்டி, முன்னால் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பலகையால் மூடுங்கள். 4 அங்குலக் கால் போதும். அதற்குள் நீர் புகுந்தாலும் துடைக்கலாம், பார்க்கலாம்.

லாச்சி பாதியில் நிற்கிறது, அல்லது தானாக வெளியே ஓடி வருகிறது

தானாக ஓடி வருவது எளிது. நிலவறைத் தரை மட்டமாக இருக்காது, வடிகால் துவாரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அலுமாரியைச் சுவரோடு சேர்த்து நேர் பார்த்தவர் முன்பின் மட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். லாச்சிக்குள் ஒரு கோலிக் குண்டை வைத்துப் பாருங்கள். அது முன்னால் உருண்டால் முன்கால்களைத் திருகி உயர்த்த வேண்டியதுதான்.

பாதியில் நிற்பதற்கு அளவுநாடா வேண்டும். பக்கத்தில் மாட்டும், உள்ளே குண்டுகள் உருளும் தண்டவாளங்கள் இருபுறமும் தலா அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் கேட்கும். 450 மில்லிமீட்டர் வாய்க்குள் போகும் லாச்சிப்பெட்டி 424.6 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் இறுகும். இரண்டு குறைந்தால் குண்டுகள் தண்டவாளத்தில் சரியாகப் பதியாமல் கடகடக்கும். வாயின் அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் மூன்று இடத்திலும் அளந்து எழுதுங்கள். படியடி அலுமாரிகள் ஆழமானவை. முன்னால் 450 இருக்கும், பின்னால் 447 ஆகியிருக்கும். லாச்சி முக்கால் தூரம் போய் நிற்பது அதனால்தான். தண்டவாளத்தைக் கழற்றி, அகலம் கூடிய இடத்தில் மெல்லிய அட்டையையோ மரச்சீவலையோ அடியில் கொடுத்து, இரண்டு தண்டவாளமும் ஒன்றுக்கொன்று இணையாக வரும்வரை சரிசெய்யுங்கள். இடம் ஒடுங்கியிருந்தால் பெட்டியைத்தான் குறைக்க வேண்டும்.

சில லாச்சிகள் முன்னால் தலைகுனிந்து தொங்கும். நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஸ்காபரோவில் ஒரு வீட்டில் அம்மா ஒருவர் கீழ் லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே 40 இறாத்தல் அரிசி மூட்டை மூன்று படுத்திருந்தன. ஒரு மூட்டை 18 கிலோ. மூன்றும் சேர்ந்து 54. தண்டவாளத்தின் தாங்குதிறனோ 45 கிலோ. "அலுமாரி என்றால் அரிசி வைக்கத்தானே, தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த லாச்சியில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று செய்தவர்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். லாச்சியை எடுத்துவிட்டு, அடியில் நான்கு சக்கரம் பூட்டிய ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தேன். தரையே பாரத்தைச் சுமக்கும், தண்டவாளத்துக்கு வேலையில்லை. அரிசி, மா, திருவிழாவுக்கு எடுக்கும் பெரிய அண்டா எல்லாவற்றுக்கும் அதுவே உகந்தது.

சரிவு விளிம்பில் ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் இடிக்கிறது

ஏட்டுக் கணக்கை நம்பி அறுத்ததன் விளைவு. ஒரு படி 200 மில்லிமீட்டர் உயரம், 255 ஆழம் என்றால் சரிவு சுமார் 38 பாகை என்று கணக்குச் சொல்லும். பழைய வீட்டுப் படிகள் இதைவிடச் செங்குத்தாக இருக்கும். படிகளைப் பக்கத்தில் சுமக்கும் சாய்ந்த தாங்குமரம் நடுவில் தொய்ந்திருக்கும். சுவர் வயிறு தள்ளியிருக்கும். கோணமானி ஓர் இடத்தின் கோணத்தைத்தான் காட்டும்.

மெல்லிய பலகைக் கீற்றுகளை அந்த இடத்திலேயே விளிம்போடு விளிம்பாக வைத்து, ஒன்றன்மேலொன்று சூட்டுப்பசையால் ஒட்டி ஒரு மாதிரிச் சட்டம் செய்யுங்கள். வெளியே எடுத்தால் அந்தத் துவாரத்தின் அச்சு உங்கள் கையில் இருக்கும். அதைப் பலகை மேல் வைத்துக் கோடு கிழித்து அறுக்க வேண்டியதுதான். ஏற்கெனவே செய்த அலுமாரி என்றால் ஒரு மரக்கீற்றைச் சரிவோடு சேர்த்துப் பிடித்து, பென்சிலைச் சிறு கட்டையோடு சேர்த்துப் படிக்கட்டின் மேல் ஓட்டிக்கொண்டே கீழே வாருங்கள். படிக்கட்டின் மேடுபள்ளம் அத்தனையும் கீற்றில் கோடாக விழும். அந்தக் கோட்டுக்குச் சீவி, அலுமாரியில் மட்டும் ஆணியடியுங்கள். படியில் அடிக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த அறிகுறியில் வருகிறது.

அலுமாரி வைத்த பிறகு படி கிறீச்சிடுகிறது

யாரோ அலுமாரியின் மேற்பலகையை மிதிபலகையோடு திருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு காலடிக்கும் மிதிபலகை சற்று வளையும். அது இயல்பு. அந்த அசைவு இப்போது அலுமாரிக்கு இறங்கி, பொருத்து ஒவ்வொன்றும் முனகுகிறது. திருகாணிகளைக் கழற்றி, அலுமாரிக்கும் படிக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். முன்சொன்ன கீற்று அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

அலுமாரி வரும் முன்பே படி கிறீச்சிட்டதென்றால், அடியிலிருந்து கைபோட இப்போதுதான் வாய்ப்பு. ஒருவர் மேலே ஏறி இறங்கட்டும், நீங்கள் அடியில் விரலை வைத்துத் தேடுங்கள். அசையும் மூலை விரலுக்குத் தெரியும். மிதிபலகையும் அதைத் தாங்கும் நிமிர்ந்த பலகையும் சேரும் மூலையில் முக்கால் அங்குலக் கட்டையைப் பசை பூசி, ஒன்றேகால் அங்குலத் திருகாணியால் இறுக்குங்கள். மிதிபலகை ஒரு அங்குலம் தடிப்பென்றால் முனை பாதியோடு நின்றுவிடும். நீளமான ஆணி போட்டால் அது மேலே நடப்பவரின் காலுக்குத்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை. வாசலை அகலமாக்கவென்று பக்கத் தாங்குமரத்தில் வெட்டு விழுந்திருந்தாலோ, அடியில் நின்ற சுவரை எடுத்த பிறகு படி தொய்ந்திருந்தாலோ, படியைப் பாவிப்பதை நிறுத்துங்கள். தற்காலிகமாக முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். இதற்குத் தச்சர் மட்டும் போதாது.

அவசரத்துக்கு வால்வை எட்ட முடியவில்லை

குழாய் வெடித்து நீர் கொட்டும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. பல வீடுகளில் பிரதான நீர்வால்வு, கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் வடிகாலின் பின்னோட்டத் தடுப்பு, கழிவுக்குழாயின் துப்புரவு மூடி எல்லாம் படியடியில்தான் இருக்கின்றன. அலுமாரி இவற்றை விழுங்கியிருந்தால் பின்பலகையில் இரண்டு கை தாராளமாக நுழையும் கதவை வெட்டுங்கள். 14 அங்குலச் சதுரம் போதும். திருகாணி போட்டு மூடாதீர்கள், காந்தத்தில் நிற்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை வால்வை மூடித் திறந்து பாருங்கள்.

மின்பெட்டியை எக்காரணம் கொண்டும் அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அதன் முன் ஒரு மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். சுவரில் மின்கம்பிகள் சேரும் சிறு பெட்டிகளையும் பலகைக்குள் புதைக்கக் கூடாது. படியடிக்குப் புதிதாக விளக்கு இழுப்பதென்றால் ஒன்ராறியோவில் மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துவிட்டே செய்ய வேண்டும். உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் விட்டால் அவரே பார்த்துக்கொள்வார்.

வெள்ளை வர்ணத்தில் மஞ்சள் வட்டங்கள், கதவில் பூசாத மரக்கோடு

மஞ்சள் வட்டம் பைன் மரக் கணுவின் பிசின். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் ஊறி வரும். கணுவைச் சுரண்டி, அரக்கு கலந்த அடிப்பூச்சை இரண்டு தடவை பூசிக் காய்ந்த பின் வர்ணம் பூசுங்கள். குளிர்காலத்தில் நடுப்பலகையின் ஓரம் தெரியும் பூசாத கோடு கோளாறே இல்லை. பலகை ஒடுங்கி, காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி வெளிவந்திருக்கிறது. அந்த நாளிலேயே அதே வர்ணத்தை மெல்லிய தூரிகையால் கோட்டில் தடவுங்கள். பலகை மிக ஒடுங்கியிருக்கும் காலம் அதுவாகையால் அடுத்த வருடம் கோடு தெரியாது.

பிள்ளை உள்ளே போய்ச் சாத்தினால் திறக்க வரவில்லை

இதை இன்றைக்கே சரிசெய்யுங்கள். வெளியே மட்டும் கைப்பிடி உள்ள தாழ்ப்பாள் எதுவும் பிள்ளை நுழையக்கூடிய அலுமாரியில் இருக்கக் கூடாது. கழற்றிவிட்டுக் காந்தப் பிடி போடுங்கள். போட்ட பின் உங்கள் சுண்டுவிரலால் உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள்; திறக்காவிட்டால் காந்தம் பலம் கூடியது, சிறியதாக மாற்றுங்கள். கதவின் அடியில் ஒரு அங்குலம் காற்றிடைவெளி விடுங்கள். படிக்கும் மூலையாகச் செய்வதென்றால் கதவே வேண்டாம். ஒரு திரை போதும். இருக்கைக்கு அடியில் மேலே தூக்கும் மூடியுள்ள பெட்டி வைத்தால், விட்ட இடத்திலேயே நிற்கும் தாங்கு பிணைச்சலை மூடியின் இரு பக்கமும் பூட்டுங்கள். கனத்த மூடி சிறு விரல்கள் மேல் விழ ஒரு நொடி போதும்.